மாணவர் கையில் கைப்பேசி: நம் பொறுப்பு என்ன?

(பெங்களூரில் நம் சங்கம் ஒரு ஞாயிறு மாலை கூட்டிய மாணவர் – பெற்றோர் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



வாரத்தில் கிடைக்கும் ஒரே ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். கார்மெண்ட்ஸில் ஆறு நாளும் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் தாய்மார்கள் வந்திருக்கிறார்கள். கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரிகளும் சித்தாள்களும் வந்திருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் ரயிலேறி இந்த நகரத்துக்கு வந்து உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்பும் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் வந்திருக்கிறீர்கள். 

இந்தக் கூட்டத்தைக் கூட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. சில பெற்றோர்கள் நம் சங்க அலுவலகத்துக்கு வந்து, "பிள்ளைங்க கையிலிருந்து செல்லைப் பிடுங்கினாத்தான் உருப்படுவாங்க, அதை நீங்களே கூட்டம் போட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுக் கொண்டார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் அவர்கள் சொன்ன வழி சரியான வழியல்ல என்பதே செயற்குழுவின் கருத்து.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் இழுத்து மூடப்பட்டபோது, பாடம் முழுவதும் கைப்பேசிக்குள் போய்விட்டது. தோடு அடகு வைத்தும், சீட்டு எடுத்தும், வட்டிக்கு வாங்கியும் நம்மவர்கள் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைக்குக் கல்லூரி அறிவிப்பு அதில்தான் வருகிறது. உதவித்தொகை விண்ணப்பம் அதில்தான் போகிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் அதில்தான் வருகிறது. அதைப் பிடுங்கினால் படிப்பையும் சேர்த்துப் பிடுங்கியதாகும். பிடுங்குவது நம் வேலையல்ல. பழக்குவதுதான் நம் வேலை.

பழக்குவதென்றால் எதற்குப் பழக்குவது? முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நாம் எழுதும் ஒரு வரி, அனுப்பும் ஒரு படம், அதை அனுப்பியவரோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு, அது நம் தெரு முழுவதற்கும் நன்மையாகவோ தீமையாகவோ வந்து சேர்கிறது. இதைத்தான் இன்று நாம் பேச வேண்டியிருக்கிறது.

2016 செப்டம்பரில் நடந்தது

இந்த நகரத்தில் நம் கண்முன்னே நடந்ததையே எடுத்துக் கொள்வோம். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி, தமிழகத்துக்கு விநாடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாட்களுக்குக் காவிரி நீரைத் திறந்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 9ஆம் தேதி கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. கன்னடத் திரைப்பட நடிகர்களும் போராட்டத்தில் கலந்துகொண்டார்கள். அந்த நடிகர்களைக் கேலி செய்து, இங்கே பொறியியல் படித்துக் கொண்டிருந்த தமிழ் மாணவர் ஒருவர் முகநூலில் பதிவு போட்டார்.

அவரைத் தேடிப் பிடித்து ஒரு கும்பல் அடித்தது. மன்னிப்புக் கேட்க வைத்தது. அடித்ததோடு நில்லாமல், அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியது. அந்தக் காட்சி தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பார்த்தவர்களின் இரத்தம் கொதித்தது. செப்டம்பர் 12ஆம் தேதி சென்னையில் கர்நாடகத்தாருக்குச் சொந்தமான ஓட்டல் ஒன்று தாக்கப்பட்டது. இராமேஸ்வரத்தில் கர்நாடகத்திலிருந்து வந்த வண்டி ஓட்டுநர் ஒருவர் அடிக்கப்பட்டார். அதையும் படம் பிடித்தார்கள், அதையும் அனுப்பினார்கள். அந்தப் படம் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கே இங்கே கலவரம் வெடித்தது. கே.பி.என். நிறுவனத்தின் பணிமனையில் நிறுத்தி வைத்திருந்த பேருந்துகளில் 30க்கும் மேற்பட்டவை எரிந்து சாம்பலாயின. பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போயிற்று.

நண்பர்களே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மாணவன் கேலியாக எழுதினான் என்பதற்காக அவனை அடிக்க எவனுக்கும் உரிமை கிடையாது. அடித்தது குற்றம். எரித்தது அதைவிடப் பெரிய குற்றம். குற்றத்தை அந்த மாணவர் தலையில் கட்டுவதற்காக நாம் இதைப் பேசவில்லை.

நாம் கேட்பதெல்லாம் வேறு. அந்தக் கேலியால் காவிரியில் ஒரு சொட்டு நீராவது கூடுதலாக வந்ததா? இல்லை. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி, தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். ஆவணங்களையும் கணக்குகளையும் வைத்து, ஆண்டுக்கணக்கில் வாதாடி வந்த தீர்ப்பு அது. இரண்டு பக்கமும் பறந்த படங்களால் வந்தது என்ன? எரிந்த பேருந்து ஓட்டுநரின் பிழைப்பு போயிற்று. தினக்கூலி ஒருவருக்கு ஒரு வாரக் கூலி போயிற்று. தமிழ்நாட்டில் கன்னடக் குடும்பமும் இங்கே தமிழ்க் குடும்பமும் ஒரே மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

நாமும் தவறு செய்தோம்

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது முறையல்ல. அந்தச் செப்டம்பர் 12ஆம் தேதி இரவு, நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "இன்னைக்கு ராத்திரி நம்ம தெருவுக்கு வர்றாங்களாம், பொம்பளைங்க புள்ளைங்கள அனுப்பிடுங்க" என்று யாரோ ஒருவர் பதறிப் பேசியிருந்தார். யார் பேசியது, எந்தத் தெருவைச் சொன்னார், என்றைக்குச் சொன்னார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடுதான் அதை மற்றக் குழுக்களுக்கும் அனுப்பினோம்.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, துணி மூட்டையும் ரேஷன் கார்டுமாகக் குடும்பங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தன. யாரும் வரவில்லை. வந்தது பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாதான், காலையில் பாலும் ரொட்டியும் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "யாக்கம்மா லைட் ஆஃப் மாடித்ரி?" என்று கேட்டார். எதற்காக விளக்கை அணைத்தோம் என்று அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. ஊருக்குக் கிளம்பிப் போன ஒரு குடும்பத்தின் பெண் அந்த வாரத் தேர்வை எழுத முடியாமல் போயிற்று. அந்தப் பழி இன்றும் எங்களுடையதே. அதனால்தான் இந்தப் பேச்சைப் பேசும் தகுதி எங்களுக்கு உண்டு என்று நினைக்கிறோம்.

1991 டிசம்பரில் இதே நகரத்தில் காவிரிக் கலவரம் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று யாரிடமும் கைப்பேசி இல்லை. வதந்தி வாய்வழியாகத்தான் நடந்தது. ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு வர அரை நாளாவது ஆனது. இன்று அதே வதந்திக்கு அரை நிமிடம் போதும். வதந்தியின் வேகம் கூடியிருக்கிறது. நம் நிதானம் கூடியிருக்கிறதா?

அடிபடுவது எப்போதும் பிழைக்க வந்தவன்

இது தமிழனுக்கு மட்டும் வந்த துன்பமல்ல. அஸ்ஸாமில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, 2012 ஆகஸ்ட் மாதம் பெங்களூரில் வேலை பார்த்த வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்படப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். வழியாக வதந்தி கிளம்பியது. ஓட்டலில் பரிமாறியவர்கள், வாசலில் காவல் நின்றவர்கள், கல்லூரியில் படித்தவர்கள் என்று பல்லாயிரம் பேர் சில நாட்களில் குவஹாத்தி ரயிலைப் பிடித்து ஓடினார்கள். சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு பதினைந்து நாட்களுக்குத் தடை போட்டது.

பதினோரு ஆண்டுகள் கழித்து அதே கதை நம் சொந்த மாநிலத்தில் நடந்தது. 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்த தொழிலாளர்கள் நடுங்கிப் போனார்கள். பீகாரில் இருந்த அவர்களுடைய தாய்மார்கள் அதைவிட நடுங்கிப் போனார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. அந்தப் படங்கள் வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகள் என்பது தெரியவந்தது. பரப்பியவர்கள்மீது வழக்குகள் பதியப்பட்டன.

அன்று திருப்பூரில் பனியன் கம்பெனி அறையில் பயந்து கிடந்த பீகார்த் தம்பியும், 2016இல் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நாமும் வேறு வேறா? இருவரும் வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள். வதந்தி பிறக்கும் இடம் எதுவானாலும், அது போய் விழுவது பிழைக்க வந்தவனின் கூரைமேல்தான். ஆகவே வதந்தியைத் தடுக்க வேண்டிய முதல் கடமையும் பிழைக்க வந்தவனின் பிள்ளைக்குத்தான் உண்டு.

ஒரு படம் எப்படிப் பொய்யாகிறது

படம் கண்ணால் பார்த்ததுதானே, அது எப்படிப் பொய்யாகும் என்று சிலர் கேட்கிறார்கள். 2018இல் நாடெங்கும் பரவிய பிள்ளை பிடிப்பவர்கள் வீடியோவை எடுத்துக் கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோரை விழிப்படையச் செய்வதற்காக நடித்து எடுத்த படம். கடைசியில் அந்தக் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

விளைவு என்ன? 2018 மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார் என்பதுதான் அவர் செய்த குற்றம். அதே மாதம் 23ஆம் தேதி இதே பெங்களூரில் சாமராஜப்பேட்டைப் பகுதியில், ராஜஸ்தானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த 26 வயது இளைஞர் அதே சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வீடியோவை அனுப்பியவர்களில் யாரும் தங்களைக் கொலைகாரர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். "பிள்ளைங்கள பத்திரமா பாத்துக்குங்க" என்று அக்கறையோடுதான் அனுப்பியிருப்பார்கள்.

இந்தக் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால், "இது பல கை மாறி வந்தது; முதலில் அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியாது" என்று புரிந்துகொள்ளுங்கள்.

எதையும் அனுப்புமுன் நான்கே கேள்வி கேளுங்கள். இது யார் சொன்னது? எங்கே நடந்தது? என்றைக்கு நடந்தது? நான் இதை அனுப்பினால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு? முதல் மூன்றுக்கும் விடை கிடைக்கவில்லையென்றால், அந்தச் செய்தி உங்களோடு நின்றுபோகட்டும். படத்தில் தெரியும் கடைப் பலகையின் மொழியைப் பாருங்கள், வண்டி எண்ணைப் பாருங்கள், போலீஸ்காரர் உடுப்பைப் பாருங்கள். எந்த மாநிலம் என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதா?

இங்கே ஒரு மாணவர் எழுந்து நியாயமான கேள்வி ஒன்று கேட்கலாம். "வந்த ஊரில் வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள் என்கிறீர்களா?" இல்லை. நாம் இந்த நாட்டின் குடிமக்கள். பேசும் உரிமையை யாரும் நமக்குப் பிச்சையாகப் போடவில்லை.

2012 நவம்பரில் மும்பையில் பால் தாக்கரே மறைந்தபோது நகரம் அடைக்கப்பட்டது. அதைக் கேள்வி கேட்டு, பக்கத்து மாவட்டத்துப் பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் காவல்துறை கைது செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அதற்கு ஆயுதமாயிற்று. அந்தப் பிரிவை எதிர்த்து ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24ஆம் தேதி நீதிமன்றம் அந்தப் பிரிவையே அடியோடு ரத்து செய்தது. அரசையும் கட்சியையும் தலைவரையும் விமர்சிப்பது குற்றமல்ல என்பதற்கு இந்தத் தீர்ப்பு நமக்குத் துணை நிற்கிறது.

ஆனால் உரிமை என்பது எல்லையற்றதல்ல. மதம், மொழி, சாதி, பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் மக்களுக்கிடையே பகையை மூட்டுவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, அதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க வழி செய்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். "எங்களுக்கு உரிய தண்ணீரை விடுங்கள்" என்பது கோரிக்கை. "இந்த மொழிக்காரனே இப்படித்தான்" என்பது பகை. முன்னதைப் பேசத் தயங்காதீர்கள். பின்னதை விளையாட்டுக்குக்கூட எழுதாதீர்கள்.

கோரிக்கையை எப்படி எழுதுவது? உங்கள் தெருவில் சாக்கடை உடைந்து கிடக்கிறதா? இன்ன வார்டு, இன்ன தெரு, இன்ன தேதியிலிருந்து என்று எழுதி, படத்தோடு மாநகராட்சியின் பக்கத்தில் போடுங்கள். கன்னடத்தில் எழுதத் தெரிந்தால் கன்னடத்திலேயே எழுதுங்கள். உதவித்தொகை வரவில்லையா? விண்ணப்ப எண்ணை அதிகாரிக்கு எழுதுங்கள், பொதுவில் போடாதீர்கள். எழுதிக் கொடுத்த மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வசை பாடுகிறவனுக்குப் பதில் சொல்ல எந்த அதிகாரிக்கும் அவசியமில்லை. தேதியும் ஆதாரமும் வைத்துக் கேட்கிறவனைத் தட்டிக் கழிப்பது அவ்வளவு எளிதல்ல.

உங்கள் பக்கமே உங்கள் சிபாரிசுக் கடிதம்

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை தேட ஒரு மாமா இருப்பார், அப்பாவின் நண்பர் இருப்பார். நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் நீங்கள்தான். உங்களுக்காகக் கம்பெனியில் பேச யார் இருக்கிறார்கள்? இன்று வேலைக்கு ஆள் எடுக்கும் பலரும், விண்ணப்பத்தோடு நிறுத்திக் கொள்ளாமல், அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள். அங்கே கிடைப்பதுதான் உங்களுக்கான சிபாரிசுக் கடிதம். அதை எழுதுவது நீங்களே.

2017இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம், சேர்க்கை கிடைத்திருந்த மாணவர்களில் குறைந்தது பத்துப் பேருக்கு இடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முகநூலில் தனிக் குழு ஒன்றில் அருவருப்பான கேலிப் படங்களை அவர்கள் பகிர்ந்ததே காரணம். தனிக் குழுதானே, யாருக்குத் தெரியும் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். குழுவில் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், தனிக் குழு பொதுக் கூட்டமாகிவிடும். நீங்கள் அழித்துவிட்டாலும் அடுத்தவர் கையில் அது இருக்கும்.

ஆகவே சில காரியங்களைச் செய்யுங்கள். கணக்குக்கு உங்கள் சொந்தப் பெயரை வையுங்கள். அடைமொழியும் பட்டப் பெயரும் வேண்டாம். லிங்க்டுஇன் போன்ற வேலைக்கான தளத்தில் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று போதும். செய்த புராஜெக்ட், கற்ற தொழில், சேவைத் திட்டத்தில் செய்த பணி ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடைவீதியில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று நான்கு மொழி பேசுகிறீர்களே, அதையும் எழுதுங்கள். அதை வெட்கமாக நினைத்து மறைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அது உங்கள் சொத்து. தெரியாததைத் தெரியும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பயிற்சிக்குப் போகும் இடத்தில் கம்பெனியின் கணினித் திரையையும் காகிதங்களையும் படம் எடுத்துப் போடாதீர்கள். மேலதிகாரியின்மீது கோபம் வந்தால் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். கூலிப் பிரச்சினையா, அவமரியாதையா? எழுத்தில் புகார் கொடுங்கள்; சங்கத்துக்கு வாருங்கள். ஆசிரியருக்குச் செய்தி அனுப்பும்போது முதல் வரியிலேயே பெயர், வகுப்பு, பதிவு எண்ணைச் சொல்லி, கேட்க வேண்டியதைச் சுருக்கமாகக் கேளுங்கள். நள்ளிரவில் அனுப்பாதீர்கள். இவை சிறு விஷயங்கள்தான். ஆனால் இவற்றைச் சொல்லிக் கொடுக்க நம் வீடுகளில் ஆள் இல்லை என்பதால்தான் இங்கே சொல்கிறோம்.

வேலை என்றவுடன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தை நம்பிப் போன இந்திய இளைஞர்கள், மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். அரசு தலையிட்டு மீட்டது. வெளிநாட்டு வேலை என்றால், அனுப்பும் ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுங்கள்.

பெற்றோருக்கு

இனிப் பெற்றோர்களிடம் சில வார்த்தைகள். ஒரு பெண் பிள்ளையின் படத்தை எவனோ திரித்து மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் யாருக்குப் பயப்படுகிறாள்? மிரட்டுகிறவனுக்கு அல்ல, நமக்குத்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திடுவார்" என்று பயந்து மறைக்கிறாள். மிரட்டுகிறவனின் பலமே அந்தப் பயம்தான். நாம் அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் அவன் பாதி தோற்றுவிட்டான்.

ஆகவே இன்றே வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லு, உன் படிப்பை நிறுத்த மாட்டேன்." அப்படி ஏதேனும் நடந்தால் செய்தியை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடியும் கேட்பான். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்திலும் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும். எது நடந்தாலும் சங்கத்துக்கு வாருங்கள். தனியாகக் காவல் நிலையம் போகத் தயங்கினால் நாங்கள் கூட வருகிறோம்.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய கடமை உண்டு. வகுப்பில் படிக்கும் பெண்ணின் படம் தன் கைக்கு வந்தால், அதை அடுத்தவனுக்கு அனுப்பாமல் அழிக்கும் பிள்ளையை வளர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். ஊர்க் குழுவிலும் உறவினர் குழுவிலும் வதந்தியை அதிகம் அனுப்புவது மாணவர்களா? நம் அனுபவத்தில், பெரியவர்களாகிய நாம்தான். காலையில் வணக்கப் படம், மாலையில் வைத்தியக் குறிப்பு, நடுவில் ஒரு கலவரச் செய்தி. வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ பொய்ச் செய்தி அனுப்பினால், "இது உண்மையில்லை மாமா" என்று மரியாதையோடு சொல்லும் பிள்ளையை அதட்டாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களை அவமதிக்கவில்லை, தெருவைக் காப்பாற்றுகிறது.

நண்பர்களே! நாம் கடன் பட்டு வாங்கிக் கொடுத்த கைப்பேசி இது. இதைக் கொண்டு ஒரு பிள்ளை பாடம் படிக்கலாம், வேலை தேடலாம், தெருவுக்கு விளக்கு கேட்கலாம், உரிமைக்குக் குரல் கொடுக்கலாம். இதைக் கொண்டே ஒரு தெருவை இரவெல்லாம் விழித்திருக்கவும் வைக்கலாம்.

ஆகவே செயற்குழுவின் முடிவுகள் இரண்டை உங்கள் முன் வைக்கிறோம். சங்கக் குழுவில் இனிமேல் யார், எங்கே, என்று என்ற மூன்றுக்கும் விடையில்லாத செய்தி எதுவும் போடப்படாது. செயலாளரே போட்டாலும் நீக்கப்படும். பதற்றமான நாட்களில் வரும் செய்தியைச் சரிபார்க்க, கன்னடமும் தமிழும் தெரிந்த ஐந்து மாணவ மாணவியர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்படும். அந்தப் பகுதியில் இருப்பவரிடமும் காவல் நிலையத்திலும் கேட்டறிந்து, உண்மை இன்னது என்று அவர்கள் சொன்ன பிறகே சங்கம் பேசும். ஐந்து பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். 2016இல் தேர்வைத் தவறவிட்ட அந்தப் பெண், பிறகு படித்து முடித்து, இன்று வேலையில் இருக்கிறார். முதல் பெயரை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். இன்னும் நான்கு பேர் வேண்டும்.